ஏழு வருடமாக இருபத்தெட்டு வயது

கணபதி பகுதியில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் பதினெட்டு வருடம் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். ஒரு பதிவைக்கூட நான் தொலைத்ததில்லை. வம்பு வந்ததே அதனால்தான்.

ஒரு நாள் காலையில் கார்த்திகேயன் என்பவர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். எங்களிடம் பதிந்திருந்தவர்தான். ஆனால் சொந்தத்திலேயே பெண் அமைந்து, கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிவிட்டது. முந்தின நாள் ஈரோட்டிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா அவருக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தது மனைவி நித்யா. "மாப்பிள்ளை ஊடு பாக்க எப்ப வரலாமுங்க?" என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார். நித்யா அன்றே பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

"நான் ஒண்ணுமே பண்ணலைங்க அக்கா. அவ நம்ப மாட்டேங்கறா. என்ர பேரை இப்பவே எடுத்துப் போடுங்க" என்றார். பாவமாக இருந்தது.

உள்ளேயிருந்து ஓனர் எழுந்து வந்தார். பதிவை அழிப்பதென்றால் அவருக்கு உயிரே போய்விடும்.

"எதுக்குங்க தம்பி அவசரம்? இருக்கட்டும். நாளைக்கே உங்களுக்கு ஒத்து வரலைன்னா, மறுக்காப் பதியற வேலை மிச்சமுங்க."

இதை அவர் சொல்லும்போது வாசலில் நித்யா நின்றிருந்தார். எந்த மையத்தில் கிடைத்த விவரம் என்று போன் செய்தவரிடமே கேட்டு வந்திருக்கிறார்.

சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனியில், வாடிக்கையாளர் விவரங்களைப் பாதுகாக்கும் பிரிவில் நித்யாவுக்கு வேலையாம். எங்கள் போதாத காலம்.

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். பதிந்த தேதி, கல்யாணத்துக்கு முந்தியது. வயது இருபத்தெட்டு. பிறந்த தேதியைப் போடாமல் வயதை மட்டும் அடித்து வைத்திருந்தேன். மனிதருக்கு ஏழு வருடமாக வயதே ஏறவில்லை. நித்யா கணவரின் முன்வழுக்கையை ஒரு பார்வை பார்த்தார்.

"இவரு மேல தப்பில்லைங்க. தப்பு எங்களோடது" என்றேன். ஓனர் என்னை முறைத்தார்.

"எதுக்காகக் குடுத்தமோ அது முடிஞ்சா, விவரத்தை அழிச்சறோணும்னு இப்பச் சட்டமே வந்துருச்சுங்க" என்றார் நித்யா. "யார் யாருக்கெல்லாம் இதை அனுப்புனீங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கள் கம்ப்யூட்டரில் அழிக்க ஒரு பட்டன் போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் பதினோரு தரகர்களுக்கு அனுப்பியிருந்தேன். அவர் முன்னாலேயே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அழிக்கச் சொன்னேன். "ஏனுங்க அம்மணி, பையனுக்கு என்னங்க கோளாறு?" என்று கேட்காதவர் ஒருவருமில்லை. கல்யாணம் ஆகிவிட்டது என்று பதினோரு தடவை சொன்னேன். ஏழாவது தடவையில் நித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார்த்திகேயனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

கிளம்பும்போது நித்யா தயங்கினார். "அக்கா, எங்கப்பாவும் என்ர பேரை இங்க பதிஞ்சாருங்க."

தேடினேன், இருந்தது. கார்த்திகேயன் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்: "சமையலில் கெட்டிக்காரி. அதிர்ந்து பேசத் தெரியாது."

விழுந்து விழுந்து சிரித்தார். "அக்கா, இதை மட்டும் ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்க. ஊட்டுல ஒட்டி வெக்கறேன்."

பழக்க தோஷத்தில் என் கை பிரிண்ட் பட்டனுக்குப் போய்விட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டு நித்யாவைப் பார்த்தேன். பதினெட்டு வருடத்தில் ஒரு பதிவைக் கொடுக்கும் முன், அந்தப் பதிவுக்கு உரியவரின் முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நித்யா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பதிவையே அழித்துவிட்டேன்.