பூண்டுச் சோறும் ஒரு மாம்பழமும்

இன்று ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வழியில் சண்டைக்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் வந்த கரி பஸ் மறுபடியும் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிக் கரியைக் கிளறப் போனார்.

என் மடியில் கைக்குழந்தை. அம்மா பத்தியச் சோற்றுத் தூக்குச்சட்டியைத் திறந்தாள். அதே பூண்டுக் குழம்பு, அதே பால்சுறாக் கருவாடு. பால் ஊறுமாம். எனக்கோ அந்த வாசனையே வெறுத்துவிட்டது.

எதிர் சீட்டில் ஒரு பட்டாளத்துக்காரர். சேத்தூராம். லீவு முடிந்து சண்டைக்குத் திரும்புகிறார். நான் அவர் கையிலிருந்த மாம்பழத்தையே பார்த்தேன். அவர் என் தூக்குச்சட்டியையே பார்த்தார்.

"எம் பொஞ்சாதியும் பிள்ளை பெத்திருக்கா தாயி. வீடு பூராம் இந்தப் பூண்டு வாசந்தான். இனி எப்பமோ" என்றார்.

அம்மா ஓர் உருண்டை உருட்டிக் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். கை கழுவத் தண்ணீர் நீட்டினால் வாங்கவில்லை.

"வேண்டாம்மா. கையில வாசம் செத்த நேரம் இருக்கட்டும்."

இறங்கும்போது மாம்பழத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏட்டி, தின்னுராத! பிள்ளைக்கு மாந்தம் வந்துரும்" என்றாள் அம்மா.

தின்னவில்லை. பழம் இப்போது என் தலைமாட்டில் இருக்கிறது. மோந்து பார்த்தாலும் பத்தியம் முறிந்துவிடுமா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது சொல்லுங்கள்.