மீனோடு வீடு பார்க்கப் போனோம்

புக்கிட் தெங்காவில் கிரில் பட்டறை போட்டது நான். தகரக் கூரை, கடன் வாங்கிய ஒரு வெல்டிங் மிஷின், வேறெதுவும் இல்லை. சிம்பாங் அம்பாட் பக்கம் எந்தத் தாமான் குடியிருப்புக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள், பாதி வீட்டு ஜன்னல் கம்பி என் கையால் பற்றவைத்ததாக இருக்கும். இரண்டு லாரி வாங்கினேன். மாடி வீடு கட்டினேன். வாசலில் மூன்று காடி, அதாவது கார், நிற்கிற மாதிரி கொட்டகையையும் நானே போட்டேன். மகனை இன்ஜினியர் ஆக்கினேன். இவ்வளவுக்கும் பள்ளிக்கூடத்தில் நான் உட்கார்ந்தது நாலாவது வரைக்கும்தான். பேங்கில் ஒருத்தன், "இவருக்குக் கையெழுத்தே ஒழுங்கா வரல, இவருக்கா லோன்?" என்று என் காது கேட்கவே சொன்னான். பிறகு அவன் வீட்டுக் கேட்டையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கும் கிரீச் என்று ஒரு சத்தம் வராது.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆயுசு முழுக்க வெல்டிங் நெருப்பைப் பார்த்த கண். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பொண்ணு சோதித்துப் பார்த்துவிட்டு, "அங்கிள், இனிமே காடி ஓட்டக்கூடாது" என்று சொல்லிவிட்டது. சொல்லும்போது சிரித்த முகமாகத்தான் சொன்னது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் கட்டின வீடு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. பசார் போக காடி. கோயிலுக்குக் காடி. தலைவலி மாத்திரைக்குக் காடி. என் வீட்டம்மா வாசலில் நின்றுகொண்டு, "கறிவேப்பிலை வாங்கக்கூட ஆள் பிடிக்க வேண்டியதா இருக்கு. அரண்மனை கட்டினீங்க, சரி. வெளியே போற வழிய யாரு கட்டுவா?" என்பாள்.

ஷா ஆலமிலிருந்து மகன் போன் போட்டான். "தீபாவளிக்குள்ள முடிவு சொல்லுங்கப்பா. இல்லன்னா நானே வந்து ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு வந்துடுவேன்."

பிள்ளை பாசமாகத்தான் கூப்பிட்டான். அவன் வீடு எனக்குத் தெரியும். உயரத்தில் ஒரு கொண்டோ ஃபிளாட், கீழே ஹைவே. பால் பாக்கெட் வாங்கவும் காடிதான். அவனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சோபாவோடு சோபாவாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யார் வீட்டிலும் போய் உட்கார்ந்து சாப்பிட்டவன் இல்லை நான்.

"தஞ்சோங்ல வீடு பாக்குறேன்" என்றேன். பழைய ஆட்கள் நாங்கள், கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கிற ஜார்ஜ்டவுனை அப்படித்தான் சொல்வோம். கடைக்குப் பக்கத்தில் கடை, அதன் முன்னால் ஐந்தடி, அதாவது கடை வாசலிலேயே நிழலான நடைபாதை. வெயிலும் மழையும் படாமல் நடந்துகொண்டே இருக்கலாம்.

மகன் சிரித்தான். "அங்க வாடகை தெரியுமாப்பா? பாதி வீடு ஹோட்டலாயிடுச்சு லா. நீங்க சொல்ற தஞ்சோங் இப்ப இல்ல."

"தீபாவளிக்கு நீ வருவல்ல? எங்க வரணும்னு அட்ரஸ் அனுப்புறேன்" என்று போனை வைத்தேன். கையில் அட்ரஸ் எதுவும் இல்லை. ஒரு கணக்கு மட்டும் இருந்தது: சிம்பாங் அம்பாட் வீட்டை வாடகைக்கு விட்டு, வருகிற காசுக்குள் அங்கே வாடகை அடங்க வேண்டும்.

வீடு பார்த்துக் கொடுக்க ஒரு ஏஜென்ட் பொண்ணு கிடைத்தது. நம்ம பொண்ணுதான், கெட்டிக்காரி, வாய் ஓயாது. "சௌராஸ்தா மார்க்கெட் பக்கத்துலதான் அங்கிள், அஞ்சே நிமிஷம்" என்று முதல் வீட்டைச் சொன்னது. பட்டர்வொர்த் வரை பஸ், அங்கிருந்து பெர்ரி, இறங்கி நடை. காற்று நன்றாக இருந்தது. போகிற வழியில் மார்க்கெட்டுக்குள் நுழைந்த என் வீட்டம்மா, கெம்போங் மீன் கண்ணாடி மாதிரி இருக்கிறதென்று ஒரு பை வாங்கிவிட்டாள். "வீடு பாக்கப் போறோமா, சமைக்கப் போறோமா?" என்று கேட்டேன். "வீடு அமையுதோ இல்லையோ, மீன் அமைஞ்சிருக்கு" என்றாள்.

நடந்தோம். அஞ்சு நிமிஷம் எப்போதோ போய்விட்டது. ஐந்தடியில் ஓர் இடத்தில் மோட்டார் சைக்கிள் வரிசை, இன்னோர் இடத்தில் காப்பிக் கடை மேசை. ஒவ்வொன்றுக்கும் ரோட்டில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. கடைசியில் ஐந்தடியும் தீர்ந்து ஒரு பெரிய ரோட்டில் வந்து முட்டினோம். லாரிகள் பறக்கின்றன. கடக்க வழி இல்லை. எதிர்ப்பக்கம் கட்டிடத்தின் கீழே ஏஜென்ட் பொண்ணு தன் காடியில் சாய்ந்துகொண்டு கை காட்டியது. போன் அடித்தது.

"அங்கிள், ரொம்ப சுலபம். நேரா போயி யூ-டர்ன் போட்டு வந்துடுங்க."

"காலுக்கு ஏதும்மா யூ-டர்னு?"

"ஐயோ, நீங்க காடியில வரலையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நம் ஊரில் 'பக்கத்துலதான்' என்றால் காடியில் பக்கம். 'அஞ்சு நிமிஷம்' என்றால் காடியில் அஞ்சு நிமிஷம். யாரும் பொய் சொல்வதில்லை. காலை வைத்து அளந்து சொல்கிற பழக்கம் மட்டும் விட்டுப்போயிற்று. என் வீட்டம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "சிம்பாங் அம்பாட்ல வீடு கட்டுறப்ப நீங்களும் இதே அஞ்சு நிமிஷத்தைத்தான் சொன்னீங்க." நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப காடி இருந்துச்சு, அப்ப அது சரி" என்றேன். அதற்குள் பையில் ஐஸ் கரைந்து அவள் சேலை நனைந்துவிட்டது. மீன் மூக்கைத் துளைத்தது. அந்தக் கெம்போங் முழுவதும் ரோட்டோரப் பூனைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. விருந்து என்றால் அதுதான் விருந்து.

பெர்ரியில் திரும்பும்போது யோசித்தேன். பட்டறையில் கேட்டுக்கு அளவெடுக்கப் போனால் வாசலில் இருந்துதான் எடுப்பேன், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து எடுக்க மாட்டேன். அப்படியென்றால் வீட்டைப் பார்த்துவிட்டு மார்க்கெட் எங்கே என்று கேட்பது தப்பு. முதலில் மீன் வாங்க வேண்டும். அந்தப் பையோடு வீட்டைத் தேடி நடக்க வேண்டும். மீன் சில்லென்று வீடு சேர்ந்தால் அது பக்கம். நாறிப்போனால் தூரம். எந்த ஏஜென்ட் வாயும் வேண்டாம், மீனே சொல்லிவிடும்.

வீட்டம்மாவிடம் சொன்னேன். "வர வர உங்களுக்குக் கிறுக்கு முத்திப்போச்சு" என்றாள். ஆனால் அடுத்த தடவை மீனுக்கு ஒரு பை, ஐஸ், எல்லாம் அவளே தயாராக வைத்திருந்தாள்.

இரண்டாவது, பழைய கடைவீட்டு மாடி. மீன் விறைப்பாகப் போய்ச் சேர்ந்தது. ஜன்னலைத் திறந்தால் கோயில் மணி கேட்டது. எனக்கு அங்கேயே பாய் போட்டுப் படுத்துவிடலாம் போலிருந்தது. வீட்டுக்காரர் வாடகையைச் சொன்னார். வீட்டம்மா, "மாசத்துக்கா, வருஷத்துக்கா?" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் கீழே வந்துதான் சிரித்தோம். சிரித்தாலும் மனசுக்குள் பயம் இறங்கியது. தீபாவளிக்கு ஏற்கெனவே கடைகளில் துணி தொங்க ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது, டத்தோ கெராமட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய ஃபிளாட். "அழகா இருக்காது அங்கிள், இப்பவே சொல்லிடுறேன்" என்றது ஏஜென்ட் பொண்ணு. இந்தத் தடவை எங்கள் கூடவே நடந்து வந்தது, குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. லோரோங் கூலிட் சந்தையில் மீன் வாங்கினோம். கடை நிழலிலேயே பேசிக்கொண்டே நடந்தோம், பேச்சு முடிவதற்குள் ஃபிளாட் வந்துவிட்டது. லிஃப்ட் ஓடியது. வாசல் கிரில்லைத் தட்டிப் பார்த்தேன். வெல்டிங் சுமார்தான்.

வீடு ஒரு ரிட்டயர்டு டீச்சருடையது. உள்ளே மாதா படம், அதற்கு முன்னால் மல்லிகை. ஈப்போவில் இருக்கும் தங்கையோடு போய் இருக்கப் போகிறாராம். வாசலிலேயே நிறுத்தி, "மன்னிச்சுக்குங்க ஐயா, நேத்து ஒருத்தர் வந்தாரு. டூரிஸ்ட்டுக்கு ரூம் விடணுமாம், கூடுதலா தர்றேன்கிறாரு. அவருக்கே சொல்லிடலாம்னு இருக்கேன்" என்றார்.

நான் திரும்பி லிஃப்ட் பட்டனை அமுக்கப் போனேன். வீட்டம்மாதான், "பரவால்ல டீச்சர். இந்த மீனை மட்டும் கொஞ்ச நேரம் உங்க பிரிட்ஜ்ல வச்சுக்கலாமா? நாங்க பெர்ரி ஏறி ரொம்ப தூரம் போகணும்" என்றாள்.

"வீடு பாக்க வந்தவங்க எதுக்கு மீனோட வந்தீங்க?"

இதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் உண்டா? யூ-டர்ன், பூனை, ஐஸ், எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் பைக்குள் கையை விட்டு மீனைத் தொட்டுப் பார்த்தார். "சில்லுன்னுதான் இருக்கு" என்றவர் சிரிக்க ஆரம்பித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "இந்த மாடியில முன்னெல்லாம் எந்த வீட்ல என்ன கொழம்புன்னு வாசத்துலயே தெரியும். இப்ப பெட்டிய கடகடன்னு இழுத்துட்டுப் போற சத்தம்தான் கேக்குது. நீங்க மீன் வாங்கிட்டு வீட்டுக்கு வர்றவங்க. நீங்களே இருங்க."

எங்கள் முன்னாலேயே அந்த ஆளுக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிட்டார். வாடகையும் என் கணக்குக்குள் அடங்கியது. அன்றைக்கு அந்த மீன் டீச்சர் சட்டியிலேயே குழம்பானது. ஏஜென்ட் பொண்ணு இரண்டு தட்டு சாப்பிட்டது.

தீபாவளிக்கு மகன் இங்கேதான் வந்தான். காடியை நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தான். நான் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தேன். வீட்டம்மா இப்போது யார் துணையும் இல்லாமல் சந்தைக்குப் போகிறாள், கோயிலுக்குப் போகிறாள், போகிற வழியில் நாலு பேரோடு சண்டையும் பிடித்துவிட்டு வருகிறாள். முகம் தெளிந்துவிட்டது. மகன் அதைப் பார்த்தான். ஷா ஆலம் பேச்சை எடுக்கவே இல்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது, ஒன்றைத் தவிர. அந்த ஏஜென்ட் பொண்ணு, 'காடி இல்லாதவங்க வீடு பாக்க மீனோட போங்க' என்று போனில் வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறது. ஊரெல்லாம் பார்க்கிறதாம். 'என்ன மூளை அக்கா உங்களுக்கு' என்று கீழே எழுதுகிறார்கள். அதுவும் இதயம் போட்டுப் பதில் சொல்கிறது. வீட்டில் கேட்டால் என் வீட்டம்மா, "மீன் வாங்கினது நானு" என்கிறாள். மீன் எல்லாரும்தான் வாங்குகிறார்கள். அதை அளவுகோலாக ஆக்கியது யார்? பெர்ரியில் உட்கார்ந்து யோசித்தது யார்?

அந்தப் பொண்ணுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது; ஆனால் இதைப் படித்துக் காட்ட ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வீடியோவுக்குக் கீழே ஒரு வரி போடட்டும்: யோசனை அங்கிளுடையது. மீன் வாங்கியவள் என்று என் வீட்டம்மாவையும் போடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் பெயர் முதலில் வர வேண்டும்.