படாக் மட்டையும் மீன் வலையும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று வீடு தேடி வந்து இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கிய எல்லோருக்கும் வணக்கம். அட்டையில் விளக்குப் படம் போடாமல் ஒரு கட்டையின் படத்தை ஏன் போடுகிறீர்கள் என்று அச்சகத்திலேயே கேட்டார்கள். நம் சொந்தக்காரர்கள் பலர் மனதிலும் அந்தக் கேள்வி இருக்கும். அது பேஸ்பால் மட்டை. அது எப்படி அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆள் நான் என்பதால் எழுதும் வேலை என்னிடம் வந்தது. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது நம் தீவின் ஷாதிபூரில், தகரம் வேய்ந்த ஒற்றை அறை வாடகை வீட்டில். அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு காண்ட்ராக்டரிடம் கூலி வேலைக்குக் கப்பலேறி வந்தவர். பின்னாலேயே அம்மாவும் வந்தார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அக்கா எட்டாவது படிக்கும்போது அம்மா படுக்கையில் விழுந்தார். அத்தோடு அக்காவின் பள்ளி நின்றது. சமையல், அம்மாவின் மருந்து, இடுப்பில் என்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயடி என்று அக்காவின் நாட்கள் போயின. பிறகு ஒரு அரசு இலாகாவில் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்தார். நான் படித்தது அந்தக் கூலியில்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த அக்கா. வேலை முடிந்த பிறகு மாலையில் வேறொரு அக்கா இருந்தார்.

டெய்ரி ஃபார்ம் பக்கத்து மைதானத்தில் அப்போது ஒரு பயிற்சியாளர் பெண்களைச் சேர்த்து பேஸ்பால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். வேலையிலிருந்து திரும்பும் வழியில் அக்கா வேலியோரம் நின்று பார்ப்பாராம். உள்ளேயிருந்து ஒரு பெங்காலிப் பெண் கூப்பிட்டார்.

"ஏய், க்யா தேக் ரஹி ஹோ? வெளிய நின்னு பாத்தா டிக்கெட்டு. உள்ள வந்தா ஃப்ரீ!"

அவர்தான் சுமித்ரா தீதி. ஹிந்தியில் தீதி என்றால் அக்கா. அவர் அக்காவைவிட இளையவர், அதனால் அக்காவைத் தீதி என்பார். எங்களுக்கு மூத்தவர் என்பதால் நாங்கள் எல்லோரும் அவரைத் தீதி என்போம். அந்த அணியில் பந்து எறிந்தவர் அவர். அடித்தவர்களில் தூரமாக அடித்தவர் அக்கா.

அணியிடம் பந்து இருந்தது, கையுறை இருந்தது, மட்டை மட்டும் இல்லை. அப்பாவின் நண்பர் செல்லையா ஆசாரியிடம் அக்கா போய் நின்றார். மேசை நாற்காலி செய்தது போக மிஞ்சிய படாக் மரத்துண்டு ஒன்று பட்டறையில் கிடந்தது.

"மாமா, பேஸ்பாலுக்கு ஒரு பேட்டு வேணும்."

"எந்தப் பாலா இருந்தா என்ன, அடிக்கத்தானே போறீங்க?" என்று சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்த கிரிக்கெட் மட்டையைப் போலவே ஒரு பக்கம் தட்டையாகச் செய்துகொடுத்தார். ரத்தச் சிவப்பு நிறம். தூக்கினால் தோள் இறங்கும். ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் தீவுப் பெண்கள் அதைத்தான் சரியான மட்டை என்று நினைத்து ஆடினார்கள். பயிற்சியாளரும் இருப்பதை வைத்து ஆடுங்கள் என்று விட்டுவிட்டார்.

கப்பலில் மலிவான பங்க் வகுப்பில் படுத்து, வாந்தியெடுத்து, மெயின்லேண்டில் இறங்கி முதல் போட்டிக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி கேட்டாளாம்: "துணி தொவைக்கவா கொண்டு வந்தீங்க?"

சுமித்ரா தீதி விடவில்லை. "ஆமா, உங்களைத்தான் தொவைக்கப் போறோம்."

மட்டை உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, நடுவர் அதை மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். எதிரணியின் அலுமினிய மட்டையையே இரவல் வாங்கி ஆடினார்கள். தோற்றார்கள். திரும்பி வந்ததும் அக்கா அந்தப் படாக் மட்டையை ஆசாரி மாமா முன்னால் போட்டார்.

"மாமா, உருட்டிக் குடுங்க."

"இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா மரமாவது மிஞ்சியிருக்கும்ல?" என்று திட்டிக்கொண்டே சீவினார். சீவிய பிறகு அது மெலிந்து, இலேசாகி, சின்னப் பிள்ளையும் வீசக்கூடிய உருண்டை மட்டையானது. அட்டையில் இருப்பது அதுதான்.

அடுத்த ஆண்டு அணிக்கே அலுமினிய மட்டைகள் வந்தன. அவை உள்ளே காலியானவை. மர மட்டையில் பந்து சரியான இடத்தில் படாவிட்டால் விரல்கள் அதிர்ந்து வலிக்கும், பந்தும் போகாது. அலுமினியம் அப்படியில்லை. எங்கே பட்டாலும் டிங்கென்று ஒரு சத்தம், பந்து பறக்கும். அக்கா அடித்தால் வேலியைத் தாண்டி ரோட்டில் போய் விழும். ஆட்டோக்காரர்கள் ஹிந்தியில் திட்டுவார்கள்.

ஒரு டிசம்பர் மாலை. நம் ஊரில் அந்த மாதத்தில் ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விடும். போகலாம் என்று அக்கா சொல்ல, "லாஸ்ட் பால், தீதி, ஒண்ணே ஒண்ணு" என்று சுமித்ரா தீதி எறிந்தார். அக்கா அடித்தார். பந்து வேலிப் பக்கம் போகவில்லை. எறிந்தவரின் முகத்துக்கே நேராகத் திரும்பிப் போனது.

இடது கண். மெயின்லேண்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தும், ஆள் நிழல் தெரிகிற அளவுக்குத்தான் அந்தக் கண் திரும்பியது. ஊருக்கு வந்த அன்று அக்கா போய்ப் பார்த்தார்.

"நீ நல்லாத்தான் அடிச்ச தீதி. நான்தான் நகரல" என்றாராம் சுமித்ரா தீதி.

"நகர நேரம் எங்க இருந்துச்சு?" என்றார் அக்கா.

இந்தக் கேள்விதான் கடைசிவரை அக்காவிடம் இருந்தது. எதிரே ஒரு ஆள் மறைப்பில்லாமல் நிற்கும்போது அவர் அதன் பிறகு அலுமினிய மட்டையைத் தொட்டதே இல்லை. தீவு அணியில் வேறு மட்டை கிடையாது என்பதால் அணியில் அவர் இடமும் போயிற்று. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறை சொன்னதில்லை. கல்யாணமாகி குட்வில் எஸ்டேட்டுக்குக் குடிபோன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மைதானத்தில் சின்னப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஆடவைத்தார். முதலில் எல்லோரும் படாக் மட்டையைத்தான் பிடிக்க வேண்டும்.

காலம் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகள் போட்டிக்குப் போகிற அளவுக்கு வளர்ந்தபோது, பெற்றோர் சேர்ந்து கார்பன் இழையில் செய்த புது மட்டை ஒன்றை வரவழைத்தார்கள். டிங் என்ற சத்தம்கூட அதில் வராது, மெத்தென்று ஒரு ஒலிதான். ஆடஆட அந்த மட்டை இன்னும் துள்ளலாகும் என்றார்கள். பயிற்சியில் அதை எடுக்கக் கூடாது என்றார் அக்கா. வெல்டிங் கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மகள் கீர்த்தனாதான் அணியில் நன்றாக அடிப்பவள்.

"மத்த டீம் பூரா இதுலதாம்மா ஆடுது. நீ இன்னும் அந்தப் படாக் கட்டையைக் கட்டிக்கிட்டு அழுவுற."

"எடுக்கட்டும்ண்ணே. எதிர்ல நிக்கிற புள்ளைக்கு ஒரு மறைப்பு வரட்டும். அப்புறம் எடுக்கட்டும்."

"மறைப்பு எப்ப கப்பல்ல வந்து, போட்டி எப்ப நடக்கிறது? அதெல்லாம் ஒண்ணும் படாது. இல்லேன்னா சொல்லு, புள்ளைங்களை வேற எடத்துல விட்டுக்கறோம்."

மற்ற பெற்றோரும் அவர் பக்கம்தான். பிள்ளைகள் கைவிட்டுப் போகிற நிலை. அக்கா கையை நீட்டினார்.

"அண்ணே, உங்க பைக் ஹெல்மெட்டைக் குடுங்க."

பந்து எறிபவர் நிற்கும் இடத்தில் ஒரு கம்பை நட்டு, ஆள் உயரத்துக்கு ஹெல்மெட்டை மாட்டினார். எல்லோரையும் பின்னால் போகச் சொல்லிவிட்டு, கீர்த்தனாவுக்குப் பக்கவாட்டில் நின்று பந்தைத் தூக்கிப் போட்டுக்கொடுத்தார். புது மட்டையால் அவள் அடித்தாள். ஒன்று மேலே போனது, ஒன்று தரையில் ஓடியது. "பாத்தியா, படலைல்ல?" என்று முருகேசன் அண்ணன் சிரித்தார். "அப்பா, ஒன் ஹெல்மெட்டுக்கு ஆயுசு கெட்டி!" என்று கீர்த்தனாவும் சிரித்தாள். இன்னும் சில பந்துகள் போயின. பிறகு ஒரு சத்தம் கேட்டது. கம்பு சாய்ந்து கிடந்தது. ஹெல்மெட் உருண்டு போய்க் கவிழ்ந்திருந்தது. பந்து போனதை யாருமே பார்க்கவில்லை.

முருகேசன் அண்ணன் போய் எடுத்தார். கண்ணாடி உடைந்து ஓட்டில் விரிசல் விட்டிருந்தது. விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"வலை இருந்தா நிக்குமாம்மா?" என்றார்.

வலை கொடுத்தவர் சுமித்ரா தீதி. அவர் கணவருக்கு ஜங்லிகாட்டில் மீன்பிடிப் படகு இருக்கிறது. கிழியாத பழைய வலையை இரட்டையாக மடித்துக் கொண்டுவந்தார். முருகேசன் அண்ணன் இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, எறிபவர் கையை வீசுவதற்கு மட்டும் ஒரு பக்கம் இடைவெளி விட்டார். வலையில் கருவாட்டு நாற்றம். பிள்ளைகள் மூக்கைப் பொத்தியபோது சுமித்ரா தீதி அதட்டினார்: "நாத்தம் போகும். கண்ணு போனா வராது. ச்சலோ, நில்லு பின்னால!"

அடுத்த சில மாதங்களில் அக்காவுக்கு வயிற்றில் நோய் என்று தெரிந்தது. மெயின்லேண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இனி ஊரிலேயே இருக்கிறேன் என்று திரும்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவருக்குத் தூக்கம் வராத மத்தியானங்களில் பேஸ்பால் மட்டையின் வரலாற்றைத் தேடிப் படித்துக் காட்டுவேன். ஆதியில் ஆடுகிறவர்களே தங்களுக்குத் தோன்றியபடி கட்டையைச் சீவிக்கொண்டார்களாம். நீளம், பருமன் எதற்கும் ஒழுங்கில்லையாம். ஒரு காலத்தில் ஒரு பக்கம் தட்டையான மட்டையைக்கூட விதியில் அனுமதித்திருந்தார்களாம்.

"நெசமாவாடா?"

"நெசந்தான்க்கா. அப்புறம்தான் உருண்டையா மட்டும்னு மாத்தினாங்க."

"அப்போ ஆசாரி மாமா ஒண்ணும் தப்புப் பண்ணல. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்." சிரித்தார். சிரித்தால் வலிக்கும் அவருக்கு. பிறகு கேட்டார்: "எறியிறவங்களைப் பத்தி என்ன போட்டிருக்கு?"

உலோக மட்டையில் பந்தின் வேகம் அதிகமாகி, அதைக் குறைக்க விதிகள் வந்தன என்று படித்தேன். பணத்துக்கு ஆடும் பெரிய ஆட்டங்களில் இன்றும் மர மட்டைதான் என்றும் படித்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவங்கள்லயும் யாருக்கோ பட்டிருக்கும்" என்றார்.

பிள்ளைகள் போட்டிக்குப் போய்த் தோற்றுத் திரும்பினார்கள். கீர்த்தனா ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதாள். எத்தனை ரன், யார் ஜெயித்தது என்று அக்கா கேட்கவில்லை. "எல்லாப் புள்ளைங்க மொகமும் போன மாதிரியே வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். அதன் பிறகு அக்கா அதிக நாள் இருக்கவில்லை.

வீட்டிலிருந்து எடுக்கும்போது அத்தான் அந்தப் படாக் மட்டையைக் கொண்டுவந்து அக்காவின் பக்கத்தில் வைத்தார். அவருக்குப் பிரியமானது அவரோடு போகட்டும் என்று நினைத்தார். யாருக்கும் மறுத்துப் பேச மனம் வரவில்லை. சுமித்ரா தீதி குனிந்து அதை எடுத்துக்கொண்டார்.

"ஜீஜா, இதை அனுப்பாதீங்க. தீதி இதைத் தூக்கிட்டு எங்க போவா? புதுசா ஆட வர்ற சின்னப் பச்சிங்க கையில நான் என்னத்தைக் குடுப்பேன்?"

அத்தான் தலையாட்டினார்.

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மாறி மாறி லீவு போட்டு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த இலாகா சக ஊழியர்களுக்கும், பதினாறாம் நாள் வரை சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து எங்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட குட்வில் எஸ்டேட் அண்டை வீட்டாருக்கும், கப்பல் டிக்கெட் கிடைக்காமலும் எப்படியோ வந்து சேர்ந்த சிவகங்கைச் சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆசாரி மாமாவுக்கும் முருகேசன் அண்ணனுக்கும் சுமித்ரா தீதிக்கும் நன்றி சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போயிருந்தேன். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுமித்ரா தீதி ஓரமாக நின்றிருந்தார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் படாக் மட்டையைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். கீர்த்தனா புது மட்டையோடு நின்றாள். வலைக்குப் பின்னால் இருந்த பிள்ளை பந்தை எறிந்தாள். கீர்த்தனா அடித்த பந்து நேராக எறிந்தவள் முகத்துக்கே திரும்பி வந்தது. வலை ஒரு முறை உப்பி அடங்கியது. பந்து புல்லில் விழுந்தது.

அந்தப் பிள்ளை கண்ணைக்கூட மூடவில்லை. குனிந்து பந்தை எடுத்து, அடுத்ததை எறியக் கையை ஓங்கினாள்.