வலது கண்ணாடியில் நின்ற ஆள்

இது நடந்த சம்பவம். நம்ப மாட்டேன் என்பவர்களிடம் மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. வடக்கு மினசோட்டாவில் எங்கள் ஊரில், போன நவம்பரில் டுவைட்டுக்கு நடந்தது. டுவைட் தான் பிடித்த மீனின் நீளத்தைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனுஷர். இந்த ஊரில் அப்படி ஒருத்தர் இருப்பதே அதிசயம். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை, மான் வேட்டை தொடங்கும் நாள். அன்று எங்கள் ஊரில் ஒரு ஆம்பளையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆரஞ்சு நிற உடுப்பை மாட்டிக்கொண்டு விடியும் முன்பே எல்லோரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் டுவைட் மட்டும் போகவில்லை. அந்தக் கடுப்பு ஒரு பக்கம். வாசலில் நின்ற ட்ரெய்லர் இன்னொரு பக்கம்.

ட்ரெய்லர் என்றதும் சாமான் ஏற்றும் வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும் சக்கர வீடு அது. பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு ஏரி ஏரியாகச் சுற்றலாம். டுவைட்டும் அவர் மனைவி மார்லிஸும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஆசை ஆசையாக வாங்கியது. அன்றிரவு பனி கொட்டப் போகிறது என்று ரேடியோ காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. பனி விழுந்துவிட்டால், அதை வாரும் வண்டி வருவதற்காகத் தெருவில் வேறெந்த வண்டியும் நிற்கக் கூடாது. அதற்குள் ட்ரெய்லரை வீட்டை ஒட்டிய சந்தில் பின்பக்கமாக ஏற்றியாக வேண்டும்.

சந்தா அது? சரளைக்கல் கொட்டிய ஒரு இடுக்கு. ஓட்டுகிறவருக்கு வலது பக்கம் வீட்டுச் சுவர், இடது பக்கம் மரவேலி. கடைசியில் பின்வீட்டுக்காரரின் கார் ஷெட், கெட்டியான செங்கல் சுவர். ட்ரெய்லர் உள்ளே போய்விட்டால் இரண்டு பக்கமும் ஒரு கை நுழையும், அவ்வளவுதான். ஜூலையில் அந்த வீட்டை வாங்கும்போது, "ட்ரெய்லர் நிறுத்த இடம் இருக்கு" என்று தரகர் சொன்னதை நம்பிய மடத்தனத்தை டுவைட் அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார்.

மார்லிஸ் பின்னால் நின்று வழி காட்ட வேண்டும், டுவைட் ஓட்ட வேண்டும். தொடங்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

"கண்ணாடியில நான் உனக்குத் தெரியலைன்னா வண்டிய நிறுத்திடு. யோசிச்சிட்டு இருக்காத. நிறுத்திடு."

"தெரியும், தெரியும்."

ட்ரெய்லர் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதுதான் சட்டம். பின்னால் நிற்கிறவரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

மதியம் ஒரு மணிக்குத் தொடங்கினார்கள். மூன்று மணிக்கும் ட்ரெய்லர் தெருவிலேயே கோணிக்கொண்டு நின்றது.

"இடது... இடது... ஐயோ, நான் சொன்னது ட்ரெய்லரோட இடது!" இருவரும் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்திருந்தார்கள்.

"ஸ்டீயரிங்க எந்தப் பக்கம் திருப்பணும்? அதைச் சொல்லு!"

"அது உனக்குத்தான் தெரியணும். ஓட்டுறது நீதான?"

ட்ரெய்லரைப் பின்னால் தள்ளுவது தலைகீழ் வித்தை. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் ஓடும். டுவைட்டுக்கும் தெரியும். ஆனால் கைக்குத் தெரியவில்லை. மடக் என்று ஒரு சத்தம்.

"தபால் பெட்டி போச்சு," என்றாள் மார்லிஸ். "நம்ம பெட்டிதான். கவலைப்படாத."

வேறொரு நாளாக இருந்தால் இந்தக் கூத்தே வேண்டியிருந்திருக்காது. எங்கள் ஊரில் ஒருத்தன் ட்ரெய்லரைப் பின்னால் எடுக்கிறான் என்று மோப்பம் பிடித்தால் போதும். தெருவிலுள்ள அத்தனை ஆம்பளைகளும் காபிக் கோப்பையோடு வந்து நின்று கையைக் காட்டத் தொடங்கிவிடுவார்கள். யாரும் கூப்பிட வேண்டாம், பெயர்கூடத் தெரிய வேண்டாம். அன்றைக்குப் பார்த்து ஒரு ஈ காக்கை இல்லை.

"நீ கையை ஆட்டுறது கொசு விரட்டுற மாதிரி இருக்கு, மார்லிஸ்!"

"அப்ப நீ இறங்கி வந்து ஆட்டு! நான் ஓட்டுறேன். தெருவே கைதட்டும்!"

டுவைட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. போனை அணைத்துப் பக்கத்து இருக்கையில் வீசினார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். ஹீட்டர் இரைந்தது.

அப்போதுதான் வலது கண்ணாடியில் அந்த ஆளைப் பார்த்தார்.

வீட்டு மூலையில் நின்றிருந்தான். பழுப்பு நிறக் கோட்டு, இடது கையில் காபிக் கோப்பை. வலது கையால் கூப்பிட்டான். நிதானமாக... தெளிவாக...

வா.

'அப்பாடா' என்றிருந்தது டுவைட்டுக்கு. நம்மைப் போல இன்னொரு முழங்கால் கேஸ் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு விரலைத் தூக்கி நன்றி காட்டினார்.

அந்தக் கை வலப்பக்கம் சாய்ந்தது. டுவைட் திருப்பினார். கை நிமிர்ந்தது. டுவைட் நேராக்கினார். இரண்டு மணி நேரம் முரண்டு பிடித்த ட்ரெய்லர் வெண்ணெயில் கத்தி போல உள்ளே இறங்கியது.

இடது கண்ணாடியில் பார்த்தார். வேலியோரம் இடுப்பில் கைவைத்து மார்லிஸ் நின்றாள். வாயிலிருந்து புகை புகையாக மூச்சு. அந்த ஆள் இருந்த பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அடுத்த முறை பார்த்தபோது அங்கே அவள் இல்லை.

நிறுத்தியிருக்க வேண்டும். 'கோவிச்சுக்கிட்டு உள்ள போயிட்டா' என்று நினைத்தார். போகட்டும். கையைக் காட்டத்தான் ஆள் இருக்கிறதே.

வா... வா...

அவ்வளவு குளிரில் அந்த ஆளின் வாயிலிருந்து புகை வரவில்லை. காபியிலிருந்தும் ஆவி வரவில்லை.

டுவைட் அதைப் பார்த்தார். ஆனால் மனதில் வாங்கவில்லை.

டம்.

பின்னால் ஏதோ சத்தம்.

டம்... டம்...

ட்ரெய்லர் அலமாரியில் பாத்திரம் உருள்கிறது என்று நினைத்தார்.

வா... இன்னும் கொஞ்சம்...

டம்... டம்... டம்... டம்...

வண்டி இவ்வளவு தூரம் பின்னால் வந்திருக்கிறது. அந்த ஆள் ஒரு அடிகூட நகரவில்லை. கண்ணாடியில் அதே இடம். அதே அளவு.

ட்ரெய்லர் முழுசாகச் சந்துக்குள் வந்துவிட்டது.

சுவருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவில் ஒரு கைதான் நுழையும்.

அந்த ஆள்... அதற்குள்தான் நின்றிருந்தான்.

முழு ஆளாக.

சிரித்தபடி... வா... வா...

டுவைட் பிரேக்கை மிதித்தார்.

தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தார். சுவர் மட்டும்தான்.

கண்ணாடியைப் பார்த்தார்.

யாருமில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். முழங்கால் மடங்கவில்லை.

"மார்லிஸ்!"

ட்ரெய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். மூச்சே இல்லாத குரல்.

"டுவைட்... முன்னால எடு... மெதுவா..."

எடுத்தார். கியர் விழ மறுத்தது. அவருக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் தீர்ந்துபோய்க் கடவுளைக் கூப்பிடத் தொடங்கினார். சந்திலிருந்து மார்லிஸ் வெளியே வந்தாள். ட்ரெய்லரின் பின்புறத்தை அடித்து அடித்து உள்ளங்கைகள் கன்றிப்போயிருந்தன. கோட்டின் முதுகெல்லாம் செங்கல் பொடி.

"கத்தினேன்... போன் பண்ணேன்... நீ நிறுத்தவே இல்ல."

"சுவர்கிட்ட எதுக்குப் போன?"

"அந்த ஆளுதான் கையைக் காட்டினாரு. அங்க போய் நில்லுங்கன்னு. நீ கூப்பிட்டு வந்தவருன்னு நினைச்சேன்."

"நான் யாரையும் கூப்பிடல."

இரண்டு பேரும் தெருவைப் பார்த்தார்கள். ஒரு நாய்கூட இல்லை. அதற்கப்புறம் டுவைட் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குச் சொல்லும்போதும் அழுதார்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆர்டிஸ் ஓடி வந்தாள். முப்பது வருஷமாக அந்தத் தெருவில் இருப்பவள். டுவைட் அவளிடம் கேட்டார்.

"பழுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, கையில காபியோட... இங்க யாருங்க?"

ஆர்டிஸின் முகம் மாறிவிட்டது.

"இன்னைக்கு இந்தத் தெருவுல இருக்கிற ஆம்பளை நீங்க ஒருத்தர்தான்," என்றாள். சந்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள். "லைல்னு ஒருத்தரு. உங்களுக்கு முன்னாடி இந்த வீட்டுல இருந்தவரு. இதே சந்துலதான்... அவர் சம்சாரம், ட்ரெய்லருக்கும் சுவருக்கும் நடுவுல. பழுப்புக் கோட்டு போட்ட ஒருத்தன் கையைக் காட்டினான், அதான் பின்னால எடுத்தேன்னு போலீஸ்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு. யாரும் நம்பல. நானும்தான் நம்பல."

லைல் சாகவில்லை. பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். டுவைட் அடுத்த வாரமே மார்லிஸைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் உள்ளே வர மாட்டேன் என்று காரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் ஒரு கிழவர். டுவைட் தன் பெயரைச் சொல்லி, அந்த வீட்டில் இருக்கிறேன் என்றார். அதற்கு மேல் எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. கிழவரே கேட்டார்.

"கையில காபி வச்சிருந்தானா?"

"ஆமா."

"நீங்க நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன். அவ வெளிய கார்லதான் இருக்கா."

லைல் ரொம்ப நேரம் அழுதார். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். டுவைட் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நிறுத்தல," என்றார் லைல். "பின்னால ஏதோ தட்டுற சத்தம் கேட்டுச்சு. அது நின்ன பிறகுதான் நிறுத்தினேன். அப்பாடா, ஒருவழியா ஏத்திட்டோம்னு கண்ணாடியப் பார்த்தேன்."

"அப்பவும் அங்க நின்னானா?"

"நின்னான். கட்டைவிரலத் தூக்கிக் காட்டினான்."