பின்னால் உருண்ட குட்டி வண்டி

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், மலையில் பலா பழுத்துத் தொங்கும் பருவம் அது. நாங்கள் அப்போது கொல்லிமலை அடிவாரத்தில் பேளுக்குறிச்சியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பாத்திர வியாபாரம். அலுமினியச் சட்டி, எவர்சில்வர் தட்டு, தூக்குப்போசி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் மலைக்குப் போவார். மலைமேல் பைல் நாட்டுப் பக்கம் ஊர் ஊராக நடந்து விற்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் இறங்குவார்.

சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவருக்கு இடது கால் சூம்பிப் போயிருந்தது. சமதரையில் என்னை விட வேகமாக நடப்பார். மேட்டில் மூட்டையோடு நடந்துவிட்டு வந்த நாளில் மட்டும் அந்தக் கால் உட்கார்ந்த பிறகும் நடுங்கிக்கொண்டே இருக்கும். நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சந்தைக் கதை பேசுவார்.

இராசிபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அண்ணன் ஒருநாள் வந்திருந்தபோது சொன்னார்.

"எதுக்கு மாப்ள இந்தப் பாடு? நம்ம கடைக் கல்லாவுல வந்து உக்காருங்க. உக்காந்திருக்கறவனுக்குக் காலு எதுக்குங்க?"

அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் இவர் பாதி டீயை அப்படியே கீழே வைத்துவிட்டார். அடுத்த வாரம் பழைய இரும்புக் கடையிலிருந்து துருப்பிடித்த மொபெட் ஒன்று எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து இறங்கியது.

மொபெட் ஓட்ட அவருக்கு முன்பே தெரியும். நிறுத்தும்போதுதான் கஷ்டம். இடது கால் தரைக்கு எட்டாமல் வண்டியோடு சாய்ந்துவிடுவார். அதனால் தன் காலுக்கு எட்டும் உயரத்துக்கு வண்டியையே இறக்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். வெல்டிங் பட்டறையில் கொடுத்து நடுச்சட்டத்தை அறுத்துக் குட்டையாக்கினார். பெரிய சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பழைய ஸ்கூட்டரின் சின்னச் சக்கரங்களைப் போட்டார். அவை பொருந்துவதற்காக லேத்துக்கு நடையாய் நடந்தார். மீதி வேலையெல்லாம் வீட்டில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில்தான். போல்ட்டு நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பது என் வேலை. நான் தொழுகைக்குப் போகும்போதுகூடக் கையில் மண்ணெண்ணெய் வாடை போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி கை, முகம், கால் கழுவி ஒளு செய்வேன்.

சின்னச் சக்கரம் போட்டதில் வண்டிக்கு வேகம் குறைந்தது, இழுவை கூடியது. மலைக்கு அதுதான் வேண்டும் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நீளம் பத்தாத செயினுக்கு இன்னொரு பழைய செயினிலிருந்து துண்டு வெட்டி இணைத்தார். முன்சக்கரத்துக்குப் பிரேக் ஒயர் சரியாக அமையவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பின்பிரேக்கை மட்டும் திரும்பத் திரும்பச் சோதித்தார். தார் ரோட்டில், மண்ணில், காரவள்ளி இறக்கத்தில் எல்லா இடத்திலும் பிடித்த பிடியில் நின்றது.

சந்தையன்று பின்னால் ஒரு மிளகுச் சாக்கை ஏற்றி ஓட்டிக்கொண்டு போனபோது ஊரே கூடிவிட்டதாம்.

"ஏனுங்க, குட்டி இங்க இருக்குது, தாய் வண்டி எங்கீங்க?"

"இன்னும் பால் குடிக்குதுங்களா, இல்ல பெட்ரோலுக்கு மாறிருச்சுங்களா?"

இவர் சளைக்கவில்லை. "மிளகுச் சாக்கு மேல பொறாமையா இருக்குதுங்களா? ஏறிக்கங்க, ஒரு சுத்துக் கூட்டிப் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார். சூம்பிய காலைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் போல வண்டி ஒழுங்காக ஓடியது. நான்தான் நிம்மதியில்லாமல் இருந்தேன். அந்த ரோட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவு. காலையில் காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதி, அவர் மேல் ஊதி அனுப்புவேன். சாயங்காலம் அஸர் தொழுத பிறகு வண்டிச் சத்தம் காதில் விழும் வரை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடப்பேன். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவரே சொன்னார்.

"ஒரு தடவ நீயும் வா கண்ணு. ரோட்டக் கண்ணால பாத்துட்டீன்னா பயம் போயிரும்."

போனேன். அவருக்குப் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மேலே போர்த்தியிருந்த துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டேன். எனக்குப் பின்னால் பாத்திர மூட்டை. வண்டி முனகிக்கொண்டே ஏறியது. வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. கீழே எங்கள் ஊர் சிறுத்துக்கொண்டே போனது. உண்மையிலேயே எனக்குப் பயம் விட்டுப்போய், மிளகுக் கொடியை எல்லாம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

பாதி மலை தாண்டியிருப்போம். செங்குத்தாக ஏறுகிற ஒரு வளைவின் நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் மட்டும் வீறிட்டுக் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஒட்டுப் போட்ட இடத்தில் செயின் அறுந்துவிட்டது. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்ற வண்டி, மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது.

அவர் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். கிறீச்சென்று சத்தம் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. முன்னால் ஓடும்போது அப்படிக் கவ்விய பிரேக், பின்னால் உருளும்போது பாதிப் பிடிகூடப் பிடிக்கவில்லை. வண்டி பின்னால் போகும் என்று நாங்கள் இருவருமே ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். வளைவின் ஓரத்தில் தடுப்புச் சுவர் இடிந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

"குதி புள்ள, குதி" என்றார். எப்படிக் குதிப்பது? துப்பட்டி மூட்டைக் கயிற்றில் சிக்கியிருந்தது. நான் குதிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர் நல்ல காலை ஊன்றினார், அது சறுக்கியது. பிறகு அந்தச் சூம்பிய காலையும் தரையில் ஊன்றி அழுத்தினார். செருப்பு பிய்ந்து போனது. வெறும் பாதம் ரோட்டில் தேய்வதை நான் பார்த்தேன். அவர் தனியாகக் குதித்திருக்கலாம். நான் கடைசி நேரம் வந்துவிட்டதென்று கலிமா சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது, யாரோ ஓடிவந்தார்கள், சக்கரத்தடியில் 'சதக்' என்று ஏதோ விழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நாங்கள் இருவரும் பக்கவாட்டில் ரோட்டிலேயே விழுந்தோம். மூட்டை அவிழ்ந்து சட்டிகளெல்லாம் உருண்டன. நாங்கள் எழுந்து உட்கார்ந்த பிறகும் ஒரே ஒரு தூக்குப்போசி மட்டும் கீழே, எங்கேயோ பாறையில் மோதி மோதி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் நிற்கிற வரை மூன்று பேரும் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது ஆள், கீழே போகிற பஸ்ஸுக்காக அங்கே நின்றுகொண்டிருந்த மலைக்காரப் பெண். ஐம்பது வயது இருக்கும். தலையில் சும்மாட்டுத் துணி மட்டும் இருந்தது. அதன் மேல் இருந்த பலாப்பழம் எங்கள் பின்சக்கரத்துக்கு அடியில் பிளந்து, பாதிச் சக்கரத்தை விழுங்கிக்கொண்டு கிடந்தது.

"அடிகிடி பட்டுச்சுங்களா சாமி?" என்று என் தோளைத் தடவிப் பார்த்தார். "கல்லுக்குத்தான் தேடுனேன், கைக்குச் சிக்கல. தலையில இது இருந்துச்சு, போட்டுட்டேன்."

நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அவர் "மலைமேல எட்டுக்கை அம்மா இருக்கறா" என்றார். அவரவர் வாயில் வந்ததைச் சொன்னோம். ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தோம்.

அப்புறம்தான் அந்த அம்மா என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார். "அட, பாத்திரக்காரருங்களா? எங்க ஊருக்குள்ளாற நீங்க வந்து எத்தன நாளாச்சு? ஓட்டச் சட்டியிலயே கஞ்சி காச்சறேன். நீங்க வருவீங்கன்னுதான் வேற வாங்காம கெடக்கறேன்."

இவர் தேய்ந்த பாதத்தைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். நான்தான் பழம் வீணாகிவிட்டதே என்று சொன்னேன்.

"கீழ மகளுக்குக் கொண்டு போனேனுங்க. பாதிய வண்டி தின்னுருச்சுன்னு சொல்லிக்கறேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரிடம் ஒரு புதுச் சட்டியை நீட்டினோம். வேண்டாம் என்றார். விடாமல் கெஞ்சியதும், விழுந்ததில் நசுங்கிப்போன ஒன்றைத் தேடி எடுத்து, "இத வேற யாருக்கு விப்பீங்க, குடுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

பஸ் வந்தது. அறுந்த செயினோடு குட்டி வண்டியை இரண்டு பேர் தூக்கி மேலே போட்டுக் கட்டினார்கள். கண்டக்டர், "ஏனுங்க, இதுக்கு லக்கேஜ் போடறதா, அரை டிக்கெட்டா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மா பிளந்த பழத்தில் நல்ல சுளைகளாகப் பார்த்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். இவர் மட்டும் வாங்கவில்லை. தேய்ந்த பாதத்தில் என் துப்பட்டியில் கிழித்த துணியைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு உங்கண்ணன் கடைக்கே போயிடறேன் புள்ள. உன்னக் கொல்லப் பாத்தேன்."

இந்த வண்டியை அவர் விட்டுவிட வேண்டும் என்றுதான் ஒரு மாதமாக நான் அல்லாஹ்விடம் கேட்டிருந்தேன். கிடைத்தபோது எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவர் ஊன்றிய கால் என் கண்ணிலேயே நின்றது. முன் சீட்டில் அந்த அம்மா மடியில் நசுங்கிய சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செயினப் புதுசா வாங்குங்க. முன்னாடிப் பிரேக்கு போடுங்க. பின்னால உருண்டா நிக்கறதுக்கும் ஏதாச்சும் ஒரு வழி பண்ணுங்க. பண்ணிட்டு மலைக்கே போங்க" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். பிறகு முன் சீட்டுக்குக் கையை நீட்டி ஒரு சுளை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

பலாப்பால் ஒட்டிய சக்கரத்தைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கவே எனக்கு ஒரு பகல் ஆனது. அவர் புதுச் செயினும் முன்பிரேக்கும் போட்டு, பின்பக்கம் ஓர் இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு வெல்டிங் வைத்தார். ஏற்றத்தில் அதை இறக்கிவிட்டால் ரோட்டில் இழுபட்டுக்கொண்டே வரும், வண்டி பின்வாங்கினால் தரையில் குத்திக்கொண்டு நிற்கும். என்னை ஏற்றி உட்கார வைத்து, மேட்டில் வேண்டுமென்றே பின்னால் உருளவிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ஒவ்வொரு முறை நின்றபோதும் இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு ஆறேழு வருஷம் அந்த வண்டி மலை ஏறி இறங்கியது. அந்த அம்மாவுக்கு முதல் நடையிலேயே நசுங்காத சட்டி போய்ச் சேர்ந்தது. அடுத்த பலா மாதம் அவர் வீட்டுப் பழம் எங்களுக்கு வந்தது.

மகளுக்கென்று அவ்வளவு தூரம் சுமந்து வந்ததை, வண்டியில் இருப்பது யாரென்றுகூடப் பார்க்காமல் அந்த அம்மா சக்கரத்தடியில் போட்டார். என் கண் முன்னால் ஒருவர் சறுக்கினால், என் தலையில் இருப்பதை நானும் அப்படி யோசிக்காமல் போட வேண்டும், அந்த மனசைக் கொடு என்றுதான் ஒவ்வொரு தொழுகை முடிவிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.