ஆபாவின் மகளுக்கு ஒரு பானைக் கற்கண்டு

வாணியம்பாடியில் நாங்கள் கற்கண்டு காய்ச்சி விற்ற காலம் அது. நான் ஆபா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா, தன் மகள் நிச்சயத்துக்கு ஒரு பானை கேட்டாள். பெண்ணைப் பிடித்துவிட்டது என்பதற்கு அவர்கள் வழக்கத்தில் அடையாளம், மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் வாயில் கற்கண்டு வைப்பதுதான். "பக்கத்து வீட்டுல காய்ச்சினதுன்னு சம்பந்திகிட்ட சொல்லிட்டேன் தங்கச்சி. மானத்தைக் காப்பாத்து" என்றாள். பத்து நாள் இருந்தது.

பாகு காய்ச்சிப் பானையில் ஊற்றினோம். கற்கண்டுத் தூளில் புரட்டிக் காயவைத்த நூல்களை அதற்குள் தொங்கவிட்டுத் துணி கட்டினோம். "இனிமே அது வேலை. நம்ம வேலை கையக் கட்டிக்கிறது" என்றார் என் வீட்டுக்காரர்.

என்னால் முடிகிற காரியமா அது? ஆபா காலையில் ஒரு தடவை வருவாள், சாயங்காலம் ஒரு தடவை. "இன்னா, கட்டி பிடிச்சுதா?" ஆசையாக வந்தவளை எப்படி அனுப்புவது? துணியை விலக்கி நூலைத் தூக்கிக் காட்டுவேன். அவள் ஒரு ஆட்டு ஆட்டுவாள், நான் ஒரு ஆட்டு. ஆட்டின ஆட்டில் பாகு கலங்கி, நாலாம் நாள் பார்த்தால் பானை முழுக்க ரவை ரவையாகச் சர்க்கரை! பேருக்கு ஒரு கட்டி இல்லை.

"ரெண்டு பேருமா சேர்ந்து உப்புமா கிண்டியிருக்கீங்க" என்றார் வீட்டுக்காரர். ஆபா சிரிக்கவில்லை. "சொன்ன வாய எங்க கொண்டுபோய் வச்சுக்குவேன்?" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டாள்.

ரவையில் தண்ணீர் விட்டுக் கரைத்து மறுபடி காய்ச்சினோம். சூடு மெல்ல மெல்ல இறங்கினால்தான் கட்டி பெருக்கும். தோல் பதனிடுகிற இடத்தில் வேலை பார்த்த ஆபாவின் வீட்டுக்காரர், ஆவாரம்பட்டைத் தூள் ரெண்டு மூட்டை கொண்டுவந்தார். பானையைக் கழுத்துவரை அதில் புதைத்தோம். இந்தத் தடவை ஆபாவே பானை வாயைக் கட்டினாள், ஏழு முடிச்சு போட்டு. "உன் கைக்கும் சேர்த்துதான் தங்கச்சி!" அப்புறமும் தினம் வந்தாள். பானைக்கு நாலடி தள்ளி நின்று ஊர்க்கதை எல்லாம் பேசினோம், கற்கண்டைத் தவிர.

நிச்சயத்தன்று காலையில் மீதிப் பாகை வடித்துப் பானையை உடைத்தோம். கட்டி ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவுதான். ஆனால் பளிங்கு! நூலிலிருந்து உதிர்க்க நேரமில்லை, அப்படியே தட்டில் வைத்தோம்.

ஆம்பூரிலிருந்து மூன்று ஜட்கா வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தாய் ஒரு நூலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஆபா என் முழங்கையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"நூல்ல கட்டிப்போட்டு வச்சிருக்கீங்களே, ஓடிடும்னு பயமா?" என்று கேட்டு, ஒரு கட்டியை உடைத்துப் பெண்ணின் வாயில் வைத்தாள் அந்தம்மா. பெண் வெட்கத்தோடு கடித்தாள். கடக்கென்று கூடம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள்.

ஆபா அப்போதுதான் என் முழங்கையை விட்டாள்.