மகாராணியின் வயிறு

தையல்காரம்மாவுக்கு அந்தக் குடியிருப்பில் பூனை பிடிப்பவள் என்றுதான் பேர். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கம்பிக் கூண்டு இருக்கும். தெருப் பூனை தீனிக்கு ஆசைப்பட்டு உள்ளே நுழைந்தால் கதவு விழும். அதைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனியைக் கொஞ்சம் கத்தரித்து, பழைய இடத்திலேயே விட்டுவிடுவாள். இரண்டு வருஷத்தில் பத்து முடிந்தது.

மிச்சம் ஒன்றே ஒன்று, மகாராணி. கூண்டை மோந்துகூடப் பார்க்காத திமிர்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை இங்க குட்டி பொறந்துச்சு, பதினொண்ணையும் பிடிச்சு ஊருக்கு வெளியே விட்டுடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

மகாராணியின் வயிறோ நாளுக்கு நாள் உருண்டுகொண்டே வந்தது. தையல்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பூனை பட்டினி கிடந்தால்தான் கூண்டு வேலை செய்யும். வீடு வீடாக ஏறி இறங்கி, "ரெண்டு நாளைக்கு யாரும் ஒண்ணும் வைக்காதீங்க" என்று கும்பிட்டுச் சொல்லி வந்தாள். தன் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? ரிட்டயர்டான அந்த பஸ் கண்டக்டருக்குப் பூனை என்றாலே ஆகாது. "சனியன்" என்றுதான் சொல்வார்.

இரண்டு நாளும் மகாராணி கூண்டைச் சுற்றி உலா போனதோடு சரி.

மூன்றாம் நாள் காலை, கண்டக்டரின் கிழிந்த சட்டைப் பையைத் தைக்க எடுத்தாள். உள்ளே விரலை விட்டால் பிசுபிசுவென்று வறுத்த மீன்.

"என்னங்க இது?"

"மீன்."

"அது தெரியுது. பாக்கெட்டுல என்ன பண்ணுது?"

கண்டக்டர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "படிக்கட்டுல வந்து உக்காந்து மூஞ்சியையே பாக்குது. நான் என்ன பண்றது?"

"ஊரு கதவையெல்லாம் தட்டினேனே, என் வீட்டுக் கதவைத் தட்டாம விட்டுட்டேனே!"

கூண்டை அவர் கையிலேயே திணித்தாள். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து, மீனை உள்ளே வைத்து, "வாடி சனியனே" என்றார். மகாராணி சொந்த வீட்டுக்குள் போவதுபோல் போனது.

டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "குட்டியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வெறும் கொழுப்பு. யாரோ விழுந்து விழுந்து கவனிச்சிருக்காங்க."

தையல்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனிப் பதினொன்றையும் யாரும் அசைக்க முடியாது. கண்டக்டருக்கோ வேறு கவலை.

"காதை வெட்டினா வலிக்குமா டாக்டர்?" மூன்று தடவை கேட்டுவிட்டார்.

"முப்பது வருஷமா என் விரல்ல ஊசி குத்துது. ஒரு தடவை கேட்டிருக்கீங்களா?" என்றாள் தையல்காரம்மா.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் மகாராணியைக் கூட்டிவந்து படிக்கட்டில் விட்ட கண்டக்டர், சட்டையைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். "பாக்கெட்டைப் பாரு."

மூக்கைப் பொத்திக்கொண்டே கையை விட்டாள். ஊசி குத்தாமல் விரலில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பித்தளைத் தொப்பி. போட்டுப் பார்த்தாள், கச்சிதமாக இருந்தது. மீன் நாற்றம் மட்டும் போகவில்லை.